சிட்டை வேறு, பேரேடு வேறு: சர்வர் டேட்டாவும் போன் டேட்டாவும்

பிப்ரவரி 11, 2025

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, சர்வரிலிருந்து வருவது, திரையில் நாம் அடிப்பது, எல்லாவற்றையும் ஒரே ஸ்டோரில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே. அப்பல்லோ கிளையன்டில் இரண்டையும் ஒரே க்வெரியிலேயே கேட்கலாம். அப்புறம் எதற்கு ரியாக்ட் க்வெரி ஒரு பக்கம், இன்டெக்ஸ்டு டிபி ஒரு பக்கம் என்று இத்தனை சாமான்?”

புதியவர்களுக்கு ஒரு வரி: ஸ்டோர் என்பது ஆப் டேட்டாவை வைக்கும் இடம், க்வெரி என்பது டேட்டா கேட்கும் கேள்வி. அப்பல்லோ கிளையன்டும் ரியாக்ட் க்வெரியும் சர்வரிடம் கேட்டு வாங்கி நகல் வைக்கும் லைப்ரரிகள், இன்டெக்ஸ்டு டிபி பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸ். ஒரே ஸ்டோர் வேண்டாம் தம்பி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியின் எடைக் கொட்டகைக்கு வெப் ஆப் எழுதி மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விசைப்படகு கடலுக்குப் போன மறுநாள் காலை கொட்டகையில் நிற்க இடமிருக்காது. இறால், கணவாய், நண்டு, சங்காயம் (கழிவு மீன்) என்று பிரித்துப் பிரித்துத் தராசில் ஏற்றுவார்கள். நாலு போனில் நாலு பேர் எடையை அடிப்பார்கள். ஒரு படகுக்காரர் கணக்கு முடிவதற்குள் அடுத்தவர் டிரேயை இறக்கிவிடுவார்.

ஆப் வருவதற்கு முன்னால் அங்கே மூன்று பொருள் இருந்தன. கரும்பலகையில் அன்றைய விலை. கார்பன் தாள் வைத்த சிட்டைப் புத்தகம். ஆபீசில் பேரேடு. பலகையை யாராவது தோளால் உரசி அழித்துவிட்டால் ஒன்றும் மோசமில்லை, ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். சிட்டை அப்படிக் கிடையாது. சாயங்காலம் பேரேட்டில் ஏறும்வரை அந்த எடைக்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

நம் ஆப்பிலும் அதே மூன்றுதான் இருக்கிறது. சர்வரிலிருந்து வாங்கி வைத்த நகல், அது பலகை. போனில் எழுதி இன்னும் சர்வருக்குப் போகாதது, அது சிட்டை. மூன்றாவது, எந்த டேப் திறந்திருக்கிறது, எந்தப் படகைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் மாதிரியான திரைச் சமாச்சாரம். பலகையையும் சிட்டையையும் ஒரே பெட்டியில் போட்டால் பலகையைத் துடைக்கிற கை ஒருநாள் சிட்டையையும் துடைத்துவிடும். எனக்கு நடந்தது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மோதல் வந்தால் சர்வர் சொல்வதுதான் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் குறையும்.

பிப்ரவரி 11, இரவு

அப்பல்லோ பற்றித் தம்பி சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அவர் சொன்னது தப்பில்லை. போனிலேயே இருக்கும் ஃபீல்டுகளுக்குக் கிளையன்ட் என்ற டைரக்டிவை, அதாவது க்வெரியில் ஒட்டும் குறிப்புச் சொல்லை, போட்டால் சர்வரில் இருப்பதையும் போனில் இருப்பதையும் ஒரே க்வெரியில் எடுக்கலாம். முதலில் அதற்குத் தனி பேக்கேஜ் வேண்டியிருந்தது. 2019-ல் 2.5 பதிப்பில் உள்ளேயே வந்தது, 2020-ல் 3.0 வந்தபோது ரியாக்டிவ் வேரியபிளும் (மாறினால் திரையும் தானாக மாறும் மதிப்பு) சேர்ந்தது. படிக்கிற இடம் ஒன்றாக இருப்பது நல்ல வசதிதான், திரை எழுதுகிறவருக்கு எது எங்கிருந்து வந்தது என்ற கவலை இல்லை. நான் சொல்வது வைக்கிற இடத்தைப் பற்றி. ரியாக்டிவ் வேரியபிள் நினைவகத்தில் மட்டும்தான் வாழும், பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தால் போச்சு. அதில் சிட்டையை வைக்கக் கூடாது.

பிப்ரவரி 14

சொன்னேன் இல்லையா, துடைபட்ட கதை.

முதல் பதிப்பில் எல்லாமே ரீடக்ஸ் என்ற லைப்ரரியின் ஒரே ஸ்டோரில் இருந்தது. அதை அப்படியே ஒரு பெரிய ஜேசன் சரமாக்கி (ஒரே நீள எழுத்துத் தொடர்) பிரவுசரின் சின்னச் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தேன். தலையில் ஒரு பதிப்பு எண். ஆப் திறக்கும்போது எண் மாறியிருந்தால் பழையதை அழித்துவிட்டு சர்வரிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். கேச்சுக்கு, அதாவது வாங்கி வைத்த நகலுக்கு, அது நல்ல வழக்கம், இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் விலைப்பட்டியலின் அமைப்பை மாற்றிப் புதிய பதிப்பைப் போட்டேன். அந்த நேரம் கொட்டகையில் நெட் இல்லை, ஒரு போனில் 23 எடைகள் அனுப்பப்படாமல் காத்திருந்தன. நெட் வந்தது. ஆப் புதிய பதிப்பை இறக்கியது, எண் மாறியிருப்பதைப் பார்த்தது, எல்லாவற்றையும் அழித்தது. 23-ம் போயிற்று. எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது. திரை சுத்தமாக, எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது.

எடை போடும் அக்கா ஆப்பை நம்பாமல் சிட்டையும் எழுதிக்கொண்டிருந்தார், அதனால் தப்பித்தோம். அன்று இரவு ஒன்பது மணிவரை அவர் வாசிக்க நான் அடித்தேன். ஐஸ் தண்ணீர் பட்டு ஊதா மை கசிந்து சில எண்கள் 1-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை. ஒரு தாளைப் பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது 17 தான் தம்பி. ரெண்டு டிரே கணவாய் இருந்துச்சு, 11 வராது” என்றார். அந்தத் தகவல் எந்தக் கேச்சிலும் இல்லை, அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

மறுநாளே சிட்டையைத் தனியாக இன்டெக்ஸ்டு டிபிக்கு மாற்றினேன். லோக்கல் ஸ்டோரேஜில் சரம் மட்டும்தான் போகும், இடம் சுமார் 5 எம்பி, அதோடு எழுதி முடிக்கும்வரை திரையை நிறுத்தி வைக்கும். இன்டெக்ஸ்டு டிபி அப்படித் தடுக்காது, டிரான்சாக்ஷன் (முழுதாக எழுதும், இல்லையென்றால் எதையும் எழுதாது) உண்டு, ஒவ்வொரு எடையையும் தனிப் பதிவாக வைக்கலாம். நேரடியாக எழுதினால் கோட் நீளமாகிவிடும், டெக்ஸி என்ற லைப்ரரியை வைத்துக்கொண்டால் படிக்கிற மாதிரி இருக்கும். சர்வர் நகல்களுக்கு ரியாக்ட் க்வெரி. அதன் சொந்த வழக்கத்திலேயே, யாரும் பார்க்காத டேட்டா 5 நிமிடத்தில் நினைவகத்திலிருந்து போய்விடும். அதாவது அதை எழுதியவர்கள் தூக்கிப்போடத் தக்கதைத்தான் அதில் வைப்பீர்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 19

11-ம் தேதி எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். “சர்வர் சொல்வதுதான் சரி” என்றேன். அது சரியில்லை. எதைப் பற்றி யாருக்கு நேரில் தெரியுமோ அவர் சொல்வதுதான் சரி. எடை என்றால் தராசின் முன்னால் நிற்பவர். விலை என்றால் ஆபீஸ். படகின் பெயர், உரிமையாளர், முன்பணம் என்றால் அதுவும் ஆபீஸ். ஆகவே முழுப் பதிவுக்கும் ஒரே விதி வைக்காமல் ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து எழுதிவைத்தேன். எடையை சர்வர் தானாக மாற்றவே முடியாது, ஆபீசில் திருத்தினால் அது தனித் திருத்தப் பதிவாகச் சேரும்.

இதிலே இன்னொரு சிக்கல். காலை 7 மணிக்கு இறால் கிலோ 480 ரூபாய் என்று திரையில் பார்த்து எடை போடுகிறார்கள். 9 மணிக்கு ஆபீஸ் 465 ஆக்குகிறது. நான் எடையை மட்டும் சேமித்து, தொகை காட்டும்போது இருக்கும் விலையால் பெருக்கிக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் சொல்லிக்கொடுத்தது அதுதானே, கணக்கிட்டு வருவதைச் சேமிக்காதே என்று. ஒரு படகுக்காரர் கையில் சீட்டோடு வந்து நின்றார். சீட்டில் 480, திரையில் 465. அவர் குரலை உயர்த்தவில்லை, சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எடை போடும் அந்த நொடியில் திரையில் இருந்த விலையும் பதிவுக்குள்ளேயே போய்விடுகிறது. அது இனிமேல் விலைப்பட்டியலின் நகல் இல்லை, அவரிடம் நாம் ஒப்புக்கொண்ட பேச்சு.

பிப்ரவரி 20

நேரத்தை வைத்து எது புதியது என்று முடிவு செய்யலாமா என்று ஒருவர் கேட்கிறார். போனின் நேரத்தை நம்ப வேண்டாம். எங்கள் நாலு போனில் ஒன்று 11 நிமிடம் முந்தி ஓடியது. யாரோ தானியங்கி நேரத்தை அணைத்து வைத்திருந்தார்கள். போன் நேரத்தை “எப்போது எழுதினார்” என்று காட்ட மட்டும் வைத்துக்கொண்டு, வரிசைக்கு சர்வர் தரும் ஏறுவரிசை எண்ணைப் பயன்படுத்துங்கள்.

மார்ச் 2

இரட்டைப் பதிவு. இதைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

நடப்பது இதுதான். போன் எடையை அனுப்புகிறது. சர்வர் வாங்கி எழுதிவிடுகிறது. “வந்து சேர்ந்தது” என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்துபோகிறது. போனுக்குத் தெரிந்தவரை அது போகவில்லை, மறுபடி அனுப்புகிறது. ஒரே 18.4 கிலோ நண்டு பேரேட்டில் இரண்டு தடவை ஏறுகிறது.

தீர்வு, அடையாள எண்ணை சர்வர் கொடுக்கும்வரை காத்திருக்காமல் போனே உருவாக்கிக்கொள்வது. பிரவுசரில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, கிரிப்டோவில் ரேண்டம் யூயூஐடி என்ற ஃபங்ஷன், வேறு எதோடும் மோதாத எண்ணைத் தரும். இதில் ஒரு பள்ளம் உண்டு: எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாத முகவரியில், சொந்த லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட் தவிர, அந்த ஃபங்ஷன் இருக்கவே இருக்காது. என் லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில் ஓடியது, கொட்டகையில் ஒரு போனிலிருந்து லேப்டாப்பின் ஐபி முகவரியைப் போட்டுத் திறந்தால் ஃபங்ஷனே இல்லை என்றது. அரை நாள் போயிற்று.

சர்வர் பக்கம் அந்த எண் தனித்தன்மையுள்ளது என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் 409 என்று, அதாவது மோதல் என்று, பிழை அனுப்பாதீர்கள். முதல் தடவை என்ன பதில் கொடுத்திருக்குமோ அதையே கொடுங்கள். பிழை அனுப்பினால் போன் தோற்றுப்போனதாக நினைத்து அந்தப் பதிவை ஆயுள் முழுக்கச் சுமந்துகொண்டே இருக்கும்.

மார்ச் 3

நேற்று எழுதியது பாதிதான். இன்று காலை கொட்டகைக்குப் போனேன், நின்று பார்த்தேன்.

அக்காவின் விரல் எப்போதும் ஈரம். போனை பாலித்தீன் உறையில் போட்டிருக்கிறார். ஈர விரலால் “சேமி”யைத் தொட்டால் திரை சில நேரம் இரண்டு தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. நான் அடையாள எண்ணைப் பட்டன் தொடும்போது உருவாக்கியிருந்தேன். இரண்டு தொடுதல், இரண்டு எண், சர்வருக்கு அவை இரண்டு வேறு எடைகள். என் கட்டுப்பாடு எதையும் பிடிக்காது.

எண்ணை ஃபார்ம் திறக்கும்போதே உருவாக்கி வைத்துவிட வேண்டும். எத்தனை தடவை தொட்டாலும் அதே எண்தான் போகும். சேமித்தபின் ஃபார்ம் காலியாகும்போது புது எண். சிட்டைப் புத்தகத்தில் தாளின் எண் முதலிலேயே அச்சாகியிருக்கும், எழுதிய பிறகு யாரும் எண் போடுவதில்லை. இது முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மார்ச் 16

ஃபார்மில் அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று மாறிவிடுகிறது என்று தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அவர் கோடைப் பார்த்தேன். சர்வரிலிருந்து வந்த படகு விவரத்தை எஃபெக்டில் (டேட்டா மாறும்போதெல்லாம் தானாக ஓடும் கோட்) ஸ்டேட்டுக்கு (திரை தனக்கென்று வைத்திருக்கும் நினைவு) நகல் எடுக்கிறார், அந்த ஸ்டேட்டை ஃபார்மில் காட்டுகிறார். ரியாக்ட் க்வெரியில் டேட்டா வந்தவுடனே பழையதாகக் கருதப்படும், நாம் மாற்றாவிட்டால் பழசாகும் நேரம் பூஜ்யம். பக்கத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் அது மறுபடி சர்வரைக் கேட்கும். பாதி அடித்திருக்கும்போது வாட்ஸ்அப் கால் வருகிறது, பேசிவிட்டுத் திரும்புகிறார், இதற்கிடையில் ஆபீசில் யாரோ முன்பணத்தைத் திருத்தியிருக்கிறார்கள். புதுப் பதில் வந்து எஃபெக்ட் மறுபடி ஓடுகிறது, அடித்தது அழிகிறது.

திரும்பக் கேட்பதை அணைத்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். அணைத்தால் நோய் மறையும், தீராது. நகல் எடுக்காமல் இருப்பதுதான் வழி. சர்வர் சொன்னது ஒரு இடத்தில் இருக்கட்டும். பயனர் மாற்றிய ஃபீல்டுகள் மட்டும் வரைவாக இன்னொரு இடத்தில் இருக்கட்டும். காட்டும்போது வரைவில் இருந்தால் அது, இல்லையென்றால் சர்வருடையது. பென்சிலால் மேலே எழுதியது மாதிரி, கீழே அச்சு அப்படியே இருக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போது அடியில் இருப்பது மாறினால் “ஆபீசில் மாற்றியிருக்கிறார்கள்” என்று ஒரு வரியும் காட்ட முடிகிறது, முன்பு அது முடியவே முடியாது.

திரைச் சமாச்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் படகு, எந்தத் தேதி என்பதை பக்கத்தின் இணைய முகவரியிலேயே வையுங்கள், ஒருவர் இன்னொருவருக்கு இணைப்பாக அனுப்பலாம். மெனு திறந்திருக்கிறதா என்பதற்கு திரையின் அந்தத் துண்டின், அதாவது அந்தக் காம்போனன்டின், ஸ்டேட் போதும்.

ஏப்ரல் 8

முந்தாநாள் பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்தார்கள், ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. நான் நேற்று பக்கத்துச் சாலைப் பாலத்தில் பஸ்ஸில் ராமேஸ்வரம் வரை போய்த் திரும்பினேன், ஆப்பைச் சோதிக்க. ஜன்னலோரம் உட்கார்ந்து எடையாக அடித்துக்கொண்டே போனேன். சிக்னல் வந்து வந்து போனது, நான் எதிர்பார்த்ததைவிட ஆப் நன்றாகத் தாங்கியது.

ஆனால் கொட்டகையில் நடப்பது வேறு மாதிரி. அங்கே வைஃபை ரூட்டர் எரிந்துகொண்டிருக்கும், வெளியே லைன் செத்திருக்கும். பிரவுசரைக் கேட்டால் ஆன்லைன் என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது ரூட்டரோடு தொடர்பு இருப்பது மட்டும்தான், அதற்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆஃப்லைன் என்றால் நம்பலாம், ஆன்லைன் என்றால் நம்பக் கூடாது.

பழைய கோடில் “ஆன்லைன் என்றால் நேராக அனுப்பு, இல்லையென்றால் சிட்டையில் வை” என்று இரண்டு பாதை இருந்தது. இரண்டு பாதை வைத்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும், அவசரத்தில் ஒன்றைத்தான் சோதிப்போம். இப்போது ஒரே பாதை. எடை முதலில் சிட்டையில் ஏறும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சிட்டையிலிருந்து வேலையாள் மாதிரி இன்னொரு கோட் ஒவ்வொன்றாக அனுப்பும், சர்வர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பதிவைச் சிட்டையிலிருந்து எடுக்கும். 8 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அப்புறம் முயலும்.

நெட் வந்ததும் பிரவுசரே பின்னாலிருந்து அனுப்பும் பின்னணி சிங்க் வசதியை நம்பலாமா என்றால், குரோமிலும் அதே எஞ்சினில் ஓடும் பிரவுசர்களிலும்தான் அது இருக்கிறது, சஃபாரியில் இல்லை. அதனால் ஆப் திறக்கும்போது, திரை மறுபடி முன்னுக்கு வரும்போது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று நானே தட்டிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 13

நாளை மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், அதற்கு ஒரு போன் போதும், மற்ற மூன்றும் மேசை டிராயருக்குள் போய்விடும்.

இது வெப் ஆப்புக்கு ஆபத்தான காலம். அந்த மூன்றில் ஒன்று மேற்பார்வையாளரின் பழைய ஐபோன். சஃபாரியில் 2020-லிருந்து ஒரு விதி உண்டு: பிரவுசரைப் பயன்படுத்திய 7 நாட்களில் ஒரு தளத்தை யாரும் தொடவே இல்லையென்றால் ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததெல்லாம், இன்டெக்ஸ்டு டிபி உட்பட, அழிக்கப்படும். முகப்புத் திரையில் ஆப்பாகச் சேர்த்திருந்தால் அந்த 7 நாள் கணக்கில் அது மாட்டாது. சேர்த்துவிட்டேன். மற்ற போன்களில் சேமிப்பை நிலையாக வைக்கச் சொல்லி பிரவுசரிடம் கேட்டிருக்கிறேன், அது ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அதன் விருப்பம். போகாத பதிவு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு போனை மூடுவதுதான் நிச்சயமான வழி. கடைசிப் படகுகளின் எடை முடிந்ததும் நாலு போனிலும் போகாத பதிவு எத்தனை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20

மூன்றில்தான் பார்த்திருக்கிறார்கள். நாலாவது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்ததால் அப்படியே டிராயரில் போட்டுவிட்டார்கள்.

தடை முடிந்து முதல் படகுகள் கரைக்கு வந்த காலை அதைச் சார்ஜ் போட்டுத் திறந்தபோது, போகாதது 2. ஏப்ரல் 14-ம் தேதிச் சங்காயம், இரண்டு நடை. இனி நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில், அந்தப் போனில் இருந்தது இரண்டு மாதப் பழைய கோட். இடையில் நான் பதிவின் அமைப்பை மாற்றியிருந்தேன். பழைய வடிவத்தையும் சர்வர் வாங்கிக்கொள்ளும் வழியை நான் மூடவில்லை, அதனால் அது தடையாகவில்லை. அப்புறம் லாகின் காலாவதி. சர்வர் 401 சொன்னது, அதாவது மறுபடி லாகின் செய் என்றது, ஆப் தானாக லாக்அவுட் ஆனது. லாக்அவுட் ஆனால் கேச் முழுவதையும் அழிப்பது என் வழக்கம், ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. சிட்டை தனி டேட்டாபேஸில் இருந்ததால் அது தொடப்படவில்லை. பழைய மாதிரி ஒரே ஸ்டோராக இருந்திருந்தால் அந்த இரண்டும் அந்த நொடியிலேயே போயிருக்கும்.

பிறகு எனக்குத் தோன்றாத ஒன்று. அன்று அந்தப் போனில் லாகின் செய்தவர் புதிதாகச் சேர்ந்த பையன். சிட்டையிலிருந்து அனுப்பியபோது ஏப்ரல் மாத எடைகள் அவன் பெயரில் ஏறிவிட்டன, அப்போது அவன் வேலைக்கே வரவில்லை. எழுதியவர் யார் என்பதைப் பதிவு உருவாகும்போதே உள்ளே வைக்க வேண்டும், அனுப்பும்போது யார் லாகினில் இருக்கிறார் என்பது வேறு விஷயம். நேற்றே திருத்திவிட்டேன். படகுக்காரருக்கு அந்த இரண்டு நடைக்கான பணம் இந்த வாரக் கணக்கில் சேர்ந்தது.

இன்டெக்ஸ்டு டிபியின் பதிப்பை உயர்த்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: வேறொரு டேபில் பழைய பதிப்பு திறந்திருந்தால் உயர்த்தல் அங்கேயே காத்து நிற்கும். பதிப்பு மாறப்போகிறது என்று பிரவுசர் அனுப்பும் செய்தியை அந்தப் பழைய டேப் கேட்டுத் தன் இணைப்பை மூடிக்கொள்ளும்படி எழுதி வையுங்கள். கொட்டகையில் டேப்களை யாரும் மூடுவதில்லை.

ஜூலை 1

தம்பி கேட்கிறார், போகாத பதிவுகள் எத்தனை என்பதை எங்கே காட்டுகிறீர்கள் என்று. மேலே வலது மூலையில் சின்னதாகச் சிவப்பு வட்டம் வைத்திருந்தேன். வெயிலில் சிவப்பும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை. அக்கா போனை முந்தானைக்குள் வைத்துக் குனிந்து பார்த்தார். இப்போது “சேமி” பட்டனுக்கு நேர் மேலே, எடை தெரியும் அதே அளவு எழுத்தில், “போகாதது 3” என்று கறுப்பில் போட்டிருக்கிறேன். தொட்டால் அந்த மூன்றும் என்னென்ன என்று பட்டியல் வரும்.

நேற்று அவர் அதைத் தொட்டுப் பட்டியலைத் திறந்து, மடியில் இருந்த சிட்டையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். மூன்றாவதில் விரலை வைத்து, “இதுல படகு பேரும் வந்தா நல்லாருக்கும்” என்றார். இன்று காலை போட்டுவிட்டேன்.